விரால் தூண்டில்: பார்வையும் பொறுமையும்

விராலுக்குத் தூண்டில் போடப் போகிறவர், குத்தகைக் குளமாக இருந்தால் முதலில் உரியவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, பிறகு கால் மணி நேரமாவது கரையில் அசையாமல் நின்று நீர்ப்பரப்பைக் கவனிக்க வேண்டும். செவுள்களோடு காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் கொண்ட இந்த மீன், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கியே ஆக வேண்டும் என்பதால், ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைகளுக்கும் நடுவே எழும் ஒரு 'பளக்' ஓசையும் சிறு வட்ட அலையும் அது பதுங்கியிருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் இது நன்றாக இரை எடுக்கும்.

ஏழு அடி நீளத்தில் விறைப்பான ராடும் (தூண்டில் கோல்), 40 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும் (இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் கயிறு) தேவை. மெல்லிய நரம்பை நம்பினால் கொடிக்குள் புகுந்த மீனை வெளியே இழுக்க முடியாது. உயிருள்ள கெண்டைக் குஞ்சை முள்ளில் கோத்துத் தக்கையோடு விடலாம் என்றாலும், பாசி அடர்ந்த நீருக்கு உள்ளீடற்ற ரப்பர் தவளையே ஏற்றது. அதன் இரு முட்களும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் இலைகளில் சிக்குவதில்லை, மீன் கடிக்கும்போது ரப்பர் அமுங்கி முட்கள் வெளிப்படும்.

குமிழி எழுந்த இடத்தின் மேலேயே வீசினால் மீன் மிரண்டுவிடும். அதற்கு அப்பால் இரண்டு மீட்டர் தள்ளி வீசி, இலைகளின் மேல் தத்தித் தத்தி இழுத்து வந்து, இடைவெளி கிடைத்ததும் சற்று நிறுத்த வேண்டும். நீர் வெடித்துத் தவளை மறைந்ததும் கை தானாகச் சுண்டப் பார்க்கும். அங்கேதான் பலரும் மீனை இழக்கிறார்கள். ராடைத் தாழ்த்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகே ஓங்கி இழுக்க வேண்டும். மாட்டியதும் தளர்வு கொடுக்காமல் அதன் தலையை நீருக்கு மேலேயே வைத்துக் கரை சேர்ப்பது அவசியம். வழுக்கும் உடலை ஈரச்சாக்கால் பிடித்து, பற்கள் இருப்பதால் முள்ளைக் குறடு கொண்டு எடுக்கலாம். கரையில் அப்படியே போட்டுவிட்டால் நெளிந்து நெளிந்து மறுபடி குளத்துக்கே போய்விடும்.

மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மொய்ப்பதைக் கண்டால், அவற்றின் அடியில் பெற்ற மீன்கள் காவல் இருக்கும். பசியில்லாவிட்டாலும் அருகில் வரும் எதையும் அவை தாக்குவதால் பிடிப்பது மிக எளிது. ஆனால் காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும் என்பதால், அங்கே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விட வேண்டும்.