எபாக்சி மேல் நிற்காத பெயிண்ட்

போர்ட்ஸ்மவுத்தில் எங்கள் வீட்டு கராஜில், 9 மி.மீ. மரைன் பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்சியும் (கெட்டியாக்கி கலந்ததும் இறுகும் பிசின்) கண்ணாடியிழை நாடாவும் இட்டு, 19 அடிப் பாய்மரப் படகொன்றைக் கட்டினேன். அக்டோபரில் அதன் அடிப்பகுதிக்குப் பூசிய பெயிண்ட் நான்கு நாட்களாகியும் காயாமல், நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வந்தது. பெயிண்ட் டின்னைத்தான் முதலில் திட்டினேன், குற்றம் அதனுடையதன்று. குளிரும் ஈரமும் மிகுந்த இரவில் எபாக்சி இறுகும்போது, அதன் கெட்டியாக்கியிலுள்ள அமீன் என்னும் வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து, மெழுகு போன்ற படலமாக மேலே படிந்துவிடுகிறது. பெயிண்டைச் சுரண்டியெடுத்து, வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு தேய்த்து, ஈரம் காயுமுன்பே துணியால் துடைத்து, அதன் பிறகே 80 ஆம் எண் உப்புத்தாளிட்டேன். தெளித்த தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் சீராகப் பரவியதைப் பார்த்து, நன்கு உலரவிட்டுப் பூசினேன், மறுநாளே காய்ந்திருந்தது.