புளியங்கொட்டையும் 18 எலக்ட்ரானும்: உலோக ஹைட்ரைடுகளுக்கு ஓர் எளிய கணக்கு

மதுரை காளவாசலில் என்னிடம் டியூஷன் வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள், கரிம உலோகச் சேர்மங்கள் (உலோகமும் கார்பனும் நேரடியாகப் பிணைந்தவை) என்றாலே மிரள்கிறார்கள். மிரள வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். வீட்டில் புளி ஆய்ந்துபோட்ட கொட்டையில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை, ஒரு எலக்ட்ரான்.

படி 1: உலோகம்

தனிம அட்டவணையில் உலோகத்தின் தொகுதி எண்தான் கணக்கு. மாங்கனீசு 7, இரும்பு 8, கோபால்ட் 9. நாம் கோபால்ட் டெட்ராகார்பனைல் ஹைட்ரைடை எடுப்போம். ஒரு கோபால்ட், நான்கு கார்பன் மோனாக்சைடு, ஒரு ஹைட்ரஜன். உலோகத்தோடு பிணைந்த இந்த ஹைட்ரஜனைத்தான் ஹைட்ரைடு என்கிறோம். நோட்டின் நடுவில் 9 கொட்டைகளை வையுங்கள்.

படி 2: ஈனிகள்

உலோகத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்பவைதான் ஈனிகள். ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடும் 2 தரும். நான்குக்கு 8. ஹைட்ரஜனுக்கு 1. ஆக 9 + 8 + 1 = 18. உலோகத்தின் ஒரு எஸ், மூன்று பி, ஐந்து டி ஆர்பிட்டால்களோடு கணக்குப் பார்த்தால் ஒன்பது இடம், இடத்துக்கு இரண்டு. 18 வந்தால் பெரும்பாலும் சேர்மம் நிலையாக இருக்கும். மின்சுமை இருந்தால், எதிர்மின்சுமை ஒன்றுக்கு ஒரு கொட்டையைக் கூட்டுங்கள், நேர்மின்சுமைக்கு ஒன்றை எடுங்கள்.

"சார், ஹைட்ரைடு அயனி, அதாவது எதிர்மின்சுமையுள்ள ஹைட்ரஜன் என்றால் 2 இல்லையா?" என்று யாராவது கேட்பார்கள். அப்படியும் எண்ணலாம். ஆனால் அப்போது கோபால்ட் +1, அதன் பங்கு 8. விடை அதே 18. இரண்டு முறையையும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: ஹைட்ரஜனை எடுத்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சோடியம் ஹைட்ரைடு தண்ணீரில் பட்டால் காரம் உண்டாகிறது. நம் கோபால்ட் ஹைட்ரைடோ தண்ணீரில் வலுவான அமிலம்! ஏன்? ஹைட்ரஜன், புரோட்டானாகக் கிளம்பும்போது எலக்ட்ரான் எதையும் எடுத்துப் போவதில்லை. கொட்டைகளைத் தொடாதீர்கள்: 9 + 8, எதிர்மின்சுமைக்கு 1, மறுபடியும் 18.

வந்து சேர்ந்த சுமையைக் கோபால்ட் தனியாகச் சுமப்பதில்லை. தன் டி எலக்ட்ரான்களைக் கார்பன் மோனாக்சைடின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் வந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடம்) தள்ளுகிறது. இதுதான் பின் பிணைப்பு. அதனால் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு தளர்கிறது, அகச்சிவப்பு நிறமாலை அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். எண் குறைந்தால் பிணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். தனி கார்பன் மோனாக்சைடின் அதிர்வு 2143 செ.மீ⁻¹. நிக்கல் டெட்ராகார்பனைலில் சுமார் 2060. அதே எண்ணிக்கை எலக்ட்ரான் உள்ள கோபால்ட் எதிர்மின் அயனியில் சுமார் 1890. ஒரு கார்பன் மோனாக்சைடை எடுத்துவிட்டு டிரைபீனைல் பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் ஈனியை வைத்தால் சுமையை வாங்க ஆள் குறைகிறது, அமிலத்தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இவை நச்சுப் பொருள்கள், காகிதத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

படி 4: 18 வராவிட்டால்

வாஸ்கா சேர்மம் என்ற இரிடியம் சேர்மத்தை எண்ணுங்கள். இரிடியம் 9, குளோரின் 1, கார்பன் மோனாக்சைடு 2, இரண்டு பாஸ்பீன் 4. மொத்தம் 16. 18க்கு இரண்டு எலக்ட்ரான் குறைவு. ஹைட்ரஜன் வாயு வந்தால் அதன் பிணைப்பு உடைந்து இரண்டு ஹைட்ரைடாக உட்கார்ந்துகொள்ளும்.

எப்போதும் உடையும் என்றும் இல்லை. 1984இல் கூபாஸ் குழு வெளியிட்ட டங்ஸ்டன் சேர்மத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு உடையாமலே ஈனியாக நிற்கிறது. பிணைப்பு நீளம் மட்டும் 0.74இலிருந்து சுமார் 0.82 ஆங்ஸ்ட்ராமுக்கு நீண்டிருக்கிறது. டங்ஸ்டன் 6, மூன்று கார்பன் மோனாக்சைடு, இரண்டு பாஸ்பீன், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. கொட்டையை எடுங்கள், இதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.