சர்வர் போர்ட் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் போகும் எண்ணிட்ட வாசல்தான் போர்ட். சர்வருக்குள் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து நுழையும் வழி) நுழைந்து, அங்கிருந்தே போர்ட்டுகளை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. லூப்பேக் (மெஷின் தன்னுடனேயே பேசும் உள்வழி) வழியாகப் போகிற பாக்கெட்டை ஃபயர்வால் பொதுவாகத் தடுக்காது. அதனால் ‘போர்ட் திறந்திருக்கிறதா’ என்பது பாதிக் கேள்விதான், எங்கிருந்து பார்த்தால் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வெளியே இணையத்திலிருந்து, அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு மெஷினிலிருந்து, சர்வருக்குள்ளிருந்து என்று மூன்று இடத்திலும் மூன்று பதில் வரலாம்.

உள்ளே பார்ப்பது வீண் இல்லை. எந்த புரோகிராம் எந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை எஸ்எஸ் கட்டளையோ பழைய நெட்ஸ்டாட்டோதான் காட்டும். ஆனால் நிறையப் பேர் போர்ட் எண்ணைப் பார்த்துவிட்டு அதற்கு முன்னால் இருக்கும் முகவரியை விட்டுவிடுகிறார்கள். 127.0.0.1:5432 என்றிருந்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் பேசும். 0.0.0.0:5432 என்றிருந்தால் எல்லா ஐபிவி4 இன்டர்ஃபேஸிலும் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஃபயர்வால் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. [::] என்று வந்தால் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிகளிலும் கேட்கிறது. இதற்குத் தனியாக விதி போடாமல் விட்டுவிட்டு ஐபிவி4-ஐ மட்டும் இறுக்கிப் பூட்டிய சர்வர்கள் ஏராளம்.

அந்த ஃபயர்வாலையும் டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) சுற்றிக்கொண்டு போய்விடும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியைப் போட்டு 5432-ஐ மூடியாயிற்று, ஸ்டேட்டஸும் ‘டினை’ என்றே காட்டுகிறது, ஆனால் கன்டெய்னரை 5432:5432 (சர்வரின் போர்ட்:கன்டெய்னரின் போர்ட்) என்று பப்ளிஷ் செய்திருந்தால் அந்தப் போர்ட் வெளியே திறந்தே கிடக்கும். காரணம், டாக்கர் தானாகவே லினக்ஸின் ஃபயர்வால் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் விதி எழுதுகிறது. பாக்கெட்டின் முகவரி ஆரம்பத்திலேயே கன்டெய்னருக்கு மாற்றப்பட்டு ஃபார்வர்ட் பாதையில் போய்விடுவதால், யுஎஃப்டபிள்யூ காவல் இருக்கும் இன்புட் பக்கம் அது வருவதே இல்லை. 127.0.0.1:5432:5432 என்று பப்ளிஷ் செய்தால் தீர்ந்தது. ஸ்டேட்டஸை மட்டும் நம்புகிறவருக்கு இது தெரியவே தெரியாது, வெளியிலிருந்து ஸ்கேன் செய்தால்தான் மாட்டும்.

அப்புறம், என்மேப் என்ற ஸ்கேன் கருவியை வேறு எதுவும் குறிப்பிடாமல் ஓட்டினால், அதிகம் பயன்படும் 1000 டிசிபி (கனெக்ட் ஆகிப் பேசும் முறை) போர்ட்டுகளை மட்டுமே பார்க்கும். போர்ட்டுகளோ 65,535 வரை போகின்றன. எஸ்எஸ்எச்சை யாரும் நினைக்காத எண்ணுக்கு மாற்றியதும் ஸ்கேனில் காணவில்லை என்று நிம்மதி அடைவது இதனால்தான் (முழு ஸ்கேன் ஓட்டுகிறவர் கண்ணில் அது படத்தான் செய்யும்). யுடிபியை (கனெக்ட் ஆகாமலே அனுப்பும் இன்னொரு முறை) தனியாகக் கேட்டால்தான் பார்க்கும், அதை யாரும் கேட்பதில்லை. 2018-இல் கிட்ஹப்பை விநாடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் தாக்கிய வெள்ளம், யுடிபி 11211-ஐத் திறந்து வைத்திருந்த மெம்கேஷ்டு (தற்காலிகத் தரவுச் சேமிப்பு) சர்வர்கள் வழியாக வந்ததுதான்.

கண்காணிப்பில் வேறு மாதிரித் தவறு. போர்ட்டுக்கு டிசிபி கனெக்‌ஷன் கிடைத்தால் பச்சை விளக்கு, இதுதான் பலரின் மானிட்டரிங். டிசிபி ஹேண்ட்ஷேக்கை (தொடக்கக் கைகுலுக்கலை) முடித்துக் கொடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல், அப்ளிகேஷன் அல்ல. அப்ளிகேஷன் உறைந்துபோய்க் கிடந்தாலும் காத்திருப்பு வரிசை நிரம்பும் வரை கனெக்‌ஷன் கிடைத்துக்கொண்டே இருக்கும், பயனர்களுக்குப் பக்கம் வராது, டாஷ்போர்டில் மட்டும் பச்சை எரியும். ஒரு எச்டிடிபி கோரிக்கை அனுப்பிப் பதிலைப் பாருங்கள், டேட்டாபேஸ் என்றால் சின்னதாக ஒரு குவெரி ஓட்டுங்கள்.

இன்னொன்று, போர்ட் மூடினால் அலாரம் அடிக்கும்படி எல்லோரும் வைக்கிறார்கள், புதிதாக ஒன்று திறந்தால் அடிக்கும்படி வைப்பவர்கள் குறைவு. என் கணக்கில் இரண்டாவதுதான் முக்கியம். யாரோ டெஸ்ட்டுக்கு ஏற்றிய ரெடிஸ் டேட்டாபேஸ் மாதக்கணக்கில் 6379-இல் நிற்பது இப்படித்தான். திறந்திருக்க வேண்டிய போர்ட்டுகளுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, வாராவாரம் வெளியிலிருந்து எடுக்கிற ஸ்கேனை அதோடு ஒப்பிட்டால் போதும். இரண்டு என்மேப் முடிவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் காட்ட என்டிஃப் என்று ஒரு கருவி அதனுடனேயே இருக்கிறது.

ஸ்கேன் முடிவில் எல்லாமே ‘ஃபில்டர்டு’ (பதிலே வரவில்லை, வழியில் ஏதோ தடுக்கிறது) என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் சர்வரின் தடுப்பு மென்பொருளே உங்கள் ஐபியைப் பிளாக் செய்திருக்கலாம். திறந்திருப்பது உறுதியாகத் தெரிந்த 443-ம் அந்த முடிவில் ஃபில்டர்டு என்று இருந்தால் அந்த ஸ்கேனைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐபியை அனுமதிப் பட்டியலில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.