ஸ்பீக்கரோடு மேசையும் முழங்குகிறதா?

கோயில் திருவிழாவில் போனில் பிடித்த சிங்காரி மேளத்தைக் குலசேகரம் வீட்டில் போட்டுக் கேட்டேன். மேளத்தைவிட மேசைதான் அதிகம் முழங்கியது. ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வு மேசைப் பலகைக்குள் இறங்கினால், மெல்லிய பிளைவுட் தானும் ஒரு ஸ்பீக்கர்போல ஒலிக்க ஆரம்பித்துவிடும். தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் கலங்குவது அதனால்தான்.

முதலில் சோதித்துப் பாருங்கள். பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கரை மேசையிலிருந்து கையில் தூக்குங்கள். முழக்கம் சட்டென்று தெளிந்தால் குற்றவாளி மேசை. தெளியவில்லையா? சுவரையோ அறை மூலையையோ ஒட்டி வைத்திருப்பீர்கள், கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள்.

எங்கள் பக்கம் ரப்பருக்குப் பஞ்சமில்லை. ஆனால் கெட்டியான ரப்பர் ஷீட்டை அடியில் போட்டால் பெட்டி வழுக்காது, அவ்வளவுதான். எடைக்குக் கொஞ்சம் அமுங்கி, திரும்ப எழும்பும் பொருள்தான் அதிர்வைத் தடுக்கும். ரப்பர் பந்துகளைப் பாதியாக வெட்டி, நான்கு மூலைக்கும் கவிழ்த்து வையுங்கள். அடர்த்தியான ஃபோமும் நல்லது. முழுக்க நசுங்கிப்போகும் பஞ்சு வேண்டாம், அது இருந்தும் இல்லாததுபோல.

சின்ன ஸ்பீக்கரின் எடைக்கு ஃபோம் அமுங்கவே அமுங்காது. அதற்கு நான் கண்ட சிறந்த வழி: கீழே ஃபோம், அதன்மேல் மிச்சமான கிரானைட் துண்டு, அதன்மேல் ஸ்பீக்கர். கல்லின் கனம் பெட்டியை ஆடவிடாது. முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ட்வீட்டரை (உயர்ந்த சுருதிச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) காதுக்கு நேராகத் திருப்பினால் பாடுபவரின் குரலும் துலங்கும்.

அதிர்வில் கலகலக்கும் பேனா டப்பாவையும் சாவிக்கொத்தையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.