போனில் வீடியோ திரை முழுக்க வர வேண்டுமா? முதலில் கறுப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள்

போனைப் படுக்கவைத்துப் பிடித்த பிறகும் வீடியோவின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை நிற்கிறதா? போனில் கோளாறு இல்லை, வீடியோவிலும் இல்லை. இரண்டின் அளவும் வேறு, அவ்வளவுதான். யூடியூபிலும் டிவியிலும் வரும் பெரும்பாலான வீடியோக்கள் 16:9, அதாவது 16 பங்கு அகலம், 9 பங்கு உயரம். போன்களும் முன்பு அப்படித்தான் இருந்தன. 2017-இல் எல்ஜி ஜி6, சாம்சங் கேலக்ஸி எஸ்8, ஐபோன் எக்ஸ் என்று வரிசையாக நீளத் திரைகள் வந்தன. இப்போது பல ஆண்ட்ராய்டு போன்கள் 20:9, ஐபோன்கள் ஏறக்குறைய 19.5:9.

வீடியோ படுக்கைவாட்டில் திரும்பவே மாட்டேன் என்கிறது என்றால் மேலிருந்து விரலால் இழுத்து ஆட்டோ ரொட்டேட்டைப் போடுங்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் பூட்டுப் படம் போட்ட பட்டன் இருக்கும், அதை அணைக்க வேண்டும்.

சரி, இப்போது பட்டை. யூடியூபில் வீடியோவை முழுத்திரைக்குக் கொண்டுபோய், அதன்மேல் இரண்டு விரலை வைத்து விரியுங்கள். ஓரம் வரை நிரம்பிவிடும், விரலைக் குவித்தால் பழையபடி திரும்பும். நெட்ஃப்ளிக்ஸிலும் இதே வித்தைதான். ஒவ்வொரு முறையும் விரிக்கச் சலிப்பாக இருந்தால் யூடியூப் செட்டிங்ஸில் 'ஜூம் டு ஃபில் ஸ்க்ரீன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள் (ஆப் பதிப்பைப் பொறுத்து இடம் மாறும்). ஆனால் அதை நிரந்தரமாகப் போட்டு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம், நிரப்புவது என்றால் வெட்டுவது. 16:9 வீடியோவை 20:9 திரையில் நிரப்பினால் படத்தின் உயரத்தில் 20 சதவீதம் போய்விடும், மேலே 10, கீழே 10. பேச்சு, பேட்டி மாதிரி வீடியோக்களில் பெரிதாகத் தெரியாது. கிரிக்கெட் பார்க்கும்போது கீழே ஓடும் ஸ்கோர் போய்விடும், படத்தோடு சேர்த்துப் பதித்த சப்டைட்டில் பாதி வெட்டுப்படும், பாடம் நடத்தும் வீடியோவில் போர்டின் கடைசி வரியே காணாமல் போகும். இவற்றுக்கு ஓரப் பட்டையை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

இழப்பே இல்லாமல் நிரப்பக்கூடிய ஒரு வகையும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, நடுவில் சின்னதாகப் படம் ஓடுகிறதல்லவா, அதுதான். சினிமாஸ்கோப் படங்கள் சுமார் 2.39:1 என்ற அகல அளவில் எடுக்கப்படுபவை. அவற்றை 16:9 வீடியோவாக மாற்றும்போது மேலும் கீழும் கறுப்பையும் சேர்த்தே பதிந்துவிடுகிறார்கள், அப்புறம் உங்கள் போன் தன் பங்குக்கு இடதும் வலதும் கறுப்பு சேர்க்கிறது. அந்த வீடியோவில் உண்மையான படம் உயரத்தில் சுமார் 74 சதவீதம்தான். 20:9 திரையில் விரித்தால் 80 சதவீதம் தெரியும் என்பதால் வெட்டுப்படுவது முழுக்க வெறும் கறுப்பு, படத்தில் ஒரு துளியும் போகாது. தயங்காமல் விரியுங்கள். அதன் பிறகும் மேலும் கீழும் மெல்லிய கோடாகக் கொஞ்சம் கறுப்பு மிஞ்சும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சப்டைட்டில் அந்தக் கறுப்புப் பகுதியில் வருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் சேமித்து வைத்த வீடியோவை விஎல்சி, எம்எக்ஸ் பிளேயர் மாதிரி ஆப்பில் திறந்தால் திரையிலேயே அளவு மாற்றும் பட்டன் இருக்கும். படத்தை முழுசாகக் காட்டுவது, வெட்டி நிரப்புவது, இழுத்து நிரப்புவது என்று பல முறைகள் அதில் உண்டு, பெயர் ஆப்புக்கு ஆப்பு மாறும். பெயரை நம்பாமல், திரையில் ஒரு முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முகம் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தால் அது இழுக்கும் முறை, உடனே மாற்றிவிடுங்கள். கறுப்புப் பட்டைக்குப் பயந்து எல்லாரையும் குண்டாக்கிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பழைய டிவி நிகழ்ச்சிகள், பழைய படங்கள் பல 4:3-ஐ ஒட்டிய அளவு. அவற்றை 20:9 திரையில் நிரப்பினால் உயரத்தில் 40 சதவீதம் போய்விடும், தலையே இருக்காது. அவற்றை நிரப்பாமல் பார்ப்பதே நல்லது.

எந்த வழியிலும் ஒரு குறிப்பிட்ட ஆப் மட்டும் முழுத்திரைக்கு வர மறுத்தால் போனின் டிஸ்ப்ளே செட்டிங்ஸைப் பாருங்கள். சாம்சங்கில் 'ஃபுல் ஸ்க்ரீன் ஆப்ஸ்', 'கேமரா கட்அவுட்' என்று ஆப் வாரியாக மாற்றும் வசதி பல மாடல்களில் உண்டு, வேறு சில போன்களிலும் இது போன்றது இருக்கும். கேமரா இருக்கும் ஓரத்தில் மட்டும் பட்டை நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவைப் படுக்கவைத்து நிரப்பப் பார்க்காதீர்கள், போனை நிமிர்த்திக்கொள்ளுங்கள். நீங்களே எடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்: ஸ்டேட்டஸ், ரீல்ஸ், ஷார்ட்ஸுக்கு என்றால் நிமிர்த்தி 9:16, டிவியிலும் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் படுக்கவைத்து 16:9. சில போன்களின் கேமராவில் திரை முழு அளவுக்கே வீடியோ எடுக்கும் தேர்வு இருக்கும். அதே போனில் பார்க்கும்போது அது நன்றாக நிரம்பும், டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்பு வந்துவிடும்.