பட்டாலே பெனால்டியா? தோட்டத்து மைதானங்களில் நாம் விடும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மலையகத்தின் ஏதாவது ஒரு தோட்டத்து மைதானத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் லயம், நடுவில் பாதி புல்லும் பாதி சேறுமாக ஒரு திடல். கோலுக்கு முன்னால் கோடு போட்ட பொக்ஸுக்குள் ஒரு பையன் விழுகிறான். மேட்டில் நிற்கிற பாதிப் பேர் ‘பெனால்டி!’ என்று கத்துகிறார்கள், மீதிப் பேர் ‘டைவ் அடிக்கிறான்!’, அதாவது விழுந்து நடிக்கிறான், என்று கத்துகிறார்கள். விசிலோடு நிற்கிற மத்தியஸ்தருக்கு யோசிக்க இரண்டு விநாடி கூடக் கிடைக்காது. ஹட்டன், பொகவந்தலாவை பக்கத்துப் போட்டிகளில் பத்து வருஷத்துக்கு மேல் அந்த விசிலோடு நின்றிருக்கிறேன். சண்டையில் போய் நின்ற போட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு விதி தெரியாததுதான் காரணம். ஆரம்பத்தில் எனக்கும் தெரியாது.

எல்லாத் தவறுக்கும் மூலமான தவறு, ‘பட்டுச்சா இல்லையா?’ என்று கேட்பது. உதைபந்தாட்டத்தில் உடம்போடு உடம்பு படத்தான் செய்யும். பவுல்களைப் பற்றிச் சொல்கிற 12ஆவது விதி கேட்கிற கேள்வி வேறு. மோதினவர் கவனமில்லாமல் மோதினாரா? எதிராளிக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் பாய்ந்தாரா? அளவுக்கு மீறின பலத்தோடு போனாரா? முதலாவது என்றால் பவுல் மட்டும், அட்டை இல்லை. இரண்டாவதுக்கு மஞ்சள் அட்டை, மூன்றாவதுக்குச் சிவப்பு. இந்த மூன்றிலும் சேராமல் தோளோடு தோள் உரசினது, ஓட்டத்தில் கால் லேசாகப் பட்டது எல்லாம் விளையாட்டின் பாகம். பிடித்து இழுப்பது மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது தனிக் குற்றம்.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். கால் தடுக்கப் பார்ப்பதும் உதைக்கப் பார்ப்பதும் கூட விதிப்படி பவுல்தான், படாமலே போனாலும். கண்மூடித்தனமாக வருகிற காலுக்குத் தப்ப ஒருவன் துள்ளி விழுந்தால், ‘படவே இல்லையே’ என்று சொல்லி அவனை நடிகனாக்கக் கூடாது.

2014 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடிய போட்டி இதற்கு நல்ல உதாரணம். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மெக்சிகோவின் ரஃபாயல் மார்க்கெஸின் கால் பட்டு நெதர்லாந்தின் அர்ஜென் ரொபன் விழுந்தார். பெனால்டி கிடைத்தது, ஹுன்டெலார் அடித்தார், மெக்சிகோ வீட்டுக்குப் போனது. போட்டி முடிந்த பிறகு ரொபன், முதல் பாதியில் ஒரு தடவை வேண்டுமென்றே விழுந்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கடைசியில் கிடைத்தது உண்மையான பெனால்டி என்றும் சொன்னார். என் கணிப்பில் அது பவுல்தான், விழுந்த விதத்தில்தான் மிகை இருந்தது. பவுலும் மிகையான விழுகையும் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஆனால் முதல் பாதியில் நடித்தவரைக் கடைசி நிமிடத்தில் யார் நம்புவார்கள்? மெக்சிகோக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தவறு. விழுந்தால் ஒன்று பவுல், இல்லாவிட்டால் டைவ் என்று நாம் நினைக்கிறோம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: வழுக்கி விழுவது. ஜூன், ஜூலையில் மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழை பிடித்தால் கோலுக்கு முன்னால் புல்லே இருக்காது. பசங்கள் போட்டிருக்கிற பூட்ஸில் பாதிக்கு அடியில் குமிழ் தேய்ந்து போயிருக்கும். திடலும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அங்கே யாரும் தொடாமலே ஒருவன் விழுந்தால் அதில் குற்றமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஆட்டத்தை ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். விழுந்ததற்கு மஞ்சள் அட்டை, மத்தியஸ்தரை ஏமாற்ற முயன்றிருந்தால் மட்டுமே. 2002இல் தென்கொரியாவுக்கு எதிரான போட்டியில் இத்தாலியின் டொட்டி, டைவ் அடித்தார் என்று இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியேறினார். அது நடிப்பா, கால் சிக்கி விழுந்ததா என்ற வாதம் இன்னும் அடங்கவில்லை. சந்தேகம் இருந்தால் அட்டையைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

அப்போ நடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்க்காதீர்கள், அலறலைக் கேட்காதீர்கள். காலைப் பாருங்கள். உண்மையில் தடுக்கி விழுகிறவனின் கை, தரையில் ஊன்ற முன்னால் போகும். நடிக்கிறவனின் முழங்கால் பல நேரம் மோதலுக்கு முன்னமே மடங்கிவிடும், கை இரண்டும் மேலே போகும். சிலர் தங்கள் காலைக் கொண்டுபோய் எதிராளியின் காலில் கோர்ப்பார்கள். பந்து எங்கே என்றும் பாருங்கள்: எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்கு அது போன பிறகு விழுந்தால் சந்தேகப்பட இடமுண்டு. இவையெல்லாம் குறிப்புகள்தான், தனித்தனியாகச் சாட்சியாகாது.

ஒன்றைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரைப் போட்டி. பதினாறு வயசிருக்கும் ஒரு பையன், பொக்ஸுக்குள் தோள் அடிபட விழுந்தான். அதே பையன் முந்தின ஆட்டத்தில் இரண்டு தடவை சும்மா விழுந்து பெனால்டி கேட்டவன். ‘எந்திரிடா, நடிக்காத!’ என்று மேட்டிலிருந்து சத்தம். நானும் கையை ஆட்டி ஆட்டத்தை ஓடவிட்டேன். பந்து வெளியே போய் நான் பக்கத்தில் வந்து பார்க்கும்போது காறை எலும்பு உடைந்திருந்தது. த்ரீவீலரில் ஏற்றி, அந்தக் குழி ரோட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரை அவன் கத்தின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் ஆட்டத்தை மனசில் வைத்து இரண்டாவது ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொன்னேன், அது என் தவறு. ‘பொக்ஸுக்குள்ள போனதும் விழுந்துரு’ என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. தயவுசெய்து பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

‘பந்தைத்தான் அண்ணே மொதல்ல தொட்டேன்’ என்பது தடுப்பு வீரர்களின் வாடிக்கையான பதில். பந்தை முதலில் தொட்டால் எல்லாம் மன்னிப்பு என்று விதியில் எங்கும் இல்லை. பந்தைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் ஆளின் கணுக்காலையும் வெட்டினால் பவுல், பொக்ஸுக்குள் என்றால் பெனால்டி. பொக்ஸின் கோடும் பொக்ஸைச் சேர்ந்ததுதான். ஜெர்சியை வெளியே பிடித்து, விடாமல் உள்ளே வரைக்கும் இழுத்து வந்தாலும் பெனால்டிதான். மழையில் சுண்ணாம்புக் கோடு அழிந்துவிட்டால் இடைவேளையில் திரும்பப் போடுங்கள், அந்தக் கோட்டை வைத்துத்தான் பாதிச் சண்டை.

கையில் பந்து பட்டதெல்லாம் குற்றம் என்பதும் பிழை. வேண்டுமென்றே பந்தைக் கையால் தொட்டாரா, கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கினாரா என்பதே கேள்வி.

மத்தியஸ்தராக நிற்கிறவர்கள் விடுகிற மிக மோசமான தவறு, ஈடுகட்டுவது. முதல் பாதியில் ஒரு பக்கத்துக்குத் தவறாகப் பெனால்டி கொடுத்துவிட்டோமே என்று, இரண்டாம் பாதியில் மறுபக்கத்துக்கு ஒன்றைத் தேடிக் கொடுப்பது. ஒரு பிழை இரண்டாகும், இரண்டு பக்கமும் நம்மை நம்பாது. நடுவட்டத்தில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்வதும் அப்படித்தான். பனிமூட்டம் இறங்குகிற நாளில் இருபது மீற்றருக்கு அப்பால் கால் எது, சேறு எது என்று தெரியாது. ஓடிக் கிட்டே போங்கள், பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை, போன். யாராவது வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டி ‘பாருங்க, பட்டிருக்கு’ என்பார்கள். வீடியோ பார்த்து மத்தியஸ்தருக்கு உதவுகிற வி.ஏ.ஆர். முறை இல்லாத போட்டியில் எந்த வீடியோவையும் பார்த்து முடிவெடுக்க மத்தியஸ்தருக்கு விதி இடம் கொடுக்கவில்லை. வி.ஏ.ஆர். இருக்கிற இடத்திலும் மெதுவான காட்சி, எங்கே பட்டது என்பதைப் பார்க்கத்தான். எவ்வளவு பலமாகப் பட்டது என்பதை வழமையான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் எந்தத் தொடுகையும் கொடுமையாகத் தெரியும். மத்தியஸ்தரைச் சுற்றி வளைத்துக் கத்தினாலும் பலன் இல்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், முடிவு பிழை என்று தெரிந்தாலும் அதை மாற்ற முடியாது.

அதற்கு முன்னால் மாற்ற முடிந்த ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது, அது ஆட்டக்காரரின் கையில். 2014இல் ஜேர்மன் லீக்கில் வேர்டர் பிரேமன் வீரர் ஆரோன் ஹன்ட், நியூரம்பேர்க் பொக்ஸுக்குள் விழுந்து பெனால்டி கிடைத்ததும், அது பவுல் இல்லை என்று தானே மத்தியஸ்தரிடம் சொன்னார். முடிவு திரும்பப் பெறப்பட்டது. 1997இல் ஆர்சனலுக்கு எதிராக லிவர்பூலின் ரொபி ஃபவுலரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் மத்தியஸ்தர் கேட்கவில்லை. ஃபவுலர் அடித்ததை ஆர்சனல் கோல்காப்பாளர் சீமன் தடுக்க, திரும்பி வந்த பந்தை லிவர்பூலின் மக்அட்டியர் கோலாக்கினார்.

பெனால்டி கொடுத்த பிறகும் ஒரு சண்டை பாக்கி இருக்கும்: தூரம். 11 மீற்றர், பழைய கணக்கில் 12 கஜம். அதை ஆளாளுக்குத் தன் காலடியால் அளந்தால் நெட்டையன் ஒரு இடத்திலும் குட்டையன் வேறு இடத்திலும் போய் நிற்பார்கள். நான் இப்போது 11 மீற்றருக்கு வெட்டின ஒரு நைலோன் கயிறைப் பையில் வைத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு கப்டன்மாரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடிக்கவைத்து, இரண்டு பக்கமும் அவர்களையே புள்ளி போடச் சொல்கிறேன்.