நடந்தா கெண்டைக்கால் வலிக்குதா? கால் ரத்த ஓட்டத்த வீட்டுலயே பாக்குறது எப்படி

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது, நின்னா சில நிமிஷத்துல சரியாயிடுது, திரும்ப நடந்தா அதே தூரத்துல மறுபடி வலின்னா வயசாயிடுச்சுன்னு தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, கால் தமனியில கொழுப்பு படிஞ்சு அடைச்சிருக்கலாம். சுகர் உள்ளவங்க, பீடி சிகரெட் பிடிக்கிறவங்க ரொம்ப கவனம்.

உக்காந்து பாதத்து மேல நடுவுல, பெருவிரலத் தூக்குனா மேல தெரியுற தசைநாணுக்குப் பக்கத்துல, ரெண்டு விரல லேசா வச்சு துடிப்பு தேடுங்க. கட்டைவிரல் வேணாம், அதோட துடிப்பே உங்கள ஏமாத்திடும். சிலருக்கு இந்த இடத்துல பிறவியிலேயே துடிப்பு தெரியாது, அதனால உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடியும் பாருங்க, ரெண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு கால் மட்டும் ஜில்லுன்னு இருக்கா, விரல்ல புண்ணு ஆறலையா, அதையும் பாருங்க.

சந்தேகம்னா டாக்டர்கிட்ட கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் எடுத்து, கணுக்கால் நம்பர கை நம்பரால வகுக்கச் சொல்லுங்க, 0.9 அல்லது அதுக்குக் கீழன்னா அடைப்புன்னு அர்த்தம். சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் கெட்டியாகி நம்பர் தப்பா கூடிக் காட்டும், அவங்க ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேனும் கேளுங்க.

நிறைய பேர் இத யானைக்காலோட குழப்பிக்கிறாங்க. அது கொசு பரப்புற புழு நிணநீர்க் குழாயக் கெடுக்குறதால வர்ற வீக்கம், அதுக்குக் கால உயர்த்தி வைக்கணும். தமனி அடைப்புல உயர்த்துனா வலி கூடும், இறுக்கமான ஸ்டாக்கிங்ஸும் கேக்காம போடாதீங்க.

திடீர்னு கால் வெளுத்து, ஜில்லிட்டு, மரத்துப்போய் வலிச்சா தைலம் தேச்சுட்டு உக்காராதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, சில மணி நேரத்துல காலே போயிடும்.